செய்தியில் செத்தவள்

அந்தப் பத்திரிகைப் படக்காரன் வந்த அன்றே எனக்கு எரிச்சல். முற்றுகையில் இருந்த கொபானியில், பெண்கள் படையான எங்களிடம் எத்தனை தோட்டா மிச்சம் என்று அவன் கேட்கவில்லை. எங்களில் ஒருத்தியான ரூகெனைப் பார்த்து, முக்காட்டை எடுத்துப் பின்னலை முன்னால் போடச் சொன்னான்.

"அப்ப நாங்கல்லாம் இங்க மாவா பிசையறோம்?" என்றாள் பெரிவான். எல்லோரும் சிரித்தோம். தடுத்திருக்க வேண்டியவள் நான். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு நான்தான். படையில் சேரும்போதே எங்களுக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள்; பிறந்த பெயர் யாருக்கும் தெரியாது என்று தைரியமாக இருந்துவிட்டோம். முகத்துக்கு அப்படி மாற்று கிடையாதே! இந்தப் புத்தி அன்றைக்கு வரவில்லை.

படம் உலகமெல்லாம் ஓடியது. "நூறு பேரைக் கொன்ற அழகி" என்றார்கள். அவள் சுட்டு இரண்டு பேர் விழுந்ததைத்தான் நான் பார்த்தேன், அதற்கே ராத்திரி முழுக்க வாந்தியெடுத்தாள். அடுத்த வாரம் எதிரிகள் அவள் தலையை வெட்டிவிட்டார்கள் என்று செய்தி. அதற்கும் அதே படம்.

அதைக் கேட்டபோது ரூகென் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அம்மா நம்பிருவாங்க," என்றாள். ரொட்டி கையிலேயே நின்றது.

அவள் அம்மா இருப்பது மன்பிஜில், எங்கள் எதிரிகளான கறுப்புக் கொடிக்காரர்களின் பிடியில். மகளை அலெப்போவில் கட்டிக்கொடுத்ததாக ஊரை நம்பவைத்திருந்தாள். அங்கே டிவிக்குத் தடை; அம்மா ஒளித்துவைத்துச் செய்தி பார்ப்பாள். எங்களில் சாவு விழுந்தால் வாசலில் கூடாரம் போட்டு, வருகிறவர்களுக்குக் கசப்புக் காப்பி கொடுக்க வேண்டும். யாருக்கென்று கேட்காமல் யாரும் குடிப்பதில்லை. துக்கம் தாங்காமல் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டால் குடும்பத்தோடு முடித்துவிடுவார்கள்.

போனுக்குச் சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில் மட்டும். எதிர்ப்பக்கம் குறிபார்த்துச் சுடுகிறவன் இருந்தான். வயிற்றால் ஊர்ந்து போனோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும். எனக்குப் பயம், அந்தத் துப்பாக்கிக்காரனால் அல்ல; அம்மா ஏற்கெனவே உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்றுதான்.

எடுத்தார்கள். பின்னால் பெண்களின் முனகல், காப்பிக் கிண்ணங்கள் மோதும் சத்தம். கூடாரம் போட்டாயிற்று!

"யாரு?" அம்மாவின் குரல்தான்.

ரூகென் பேசினால் அழுதுவிடுவாள். போனைப் பிடுங்கினேன். "அலெப்போலேர்ந்து பேசறோம்மா. உங்க பொண்ணு நல்லாருக்கா."

"என்ன விளையாட்டு இது? எம்பொண்ணு பிரசவத்துல போயிட்டா. அவளுக்குத்தான் கூடியிருக்கோம்."

கெட்டிக்காரி! உயிர் திரும்பியதுபோல் இருந்தது எனக்கு. செய்தியை நம்பியிருக்கிறாள், ஆனால் ஊருக்கு வேறு சாவைச் சொல்லியிருக்கிறாள்.

அதற்குள் ரூகென் போனில் வாயை வைத்து, "அம்மா," என்றாள்.

அந்தப் பக்கம் அம்மா வீறிட்டு அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் ஆறுதல் சொல்வது கேட்டது. பாவி மகளை நினைத்து அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

"யாரும்மா போன்ல?" என்றது ஓர் ஆணின் குரல்.

"ராங் நம்பர்," என்றாள் அம்மா. பிறகு எங்களிடம், நிதானமாக: "இனிமே இங்க கூப்பிடாதீங்க. எம்பொண்ணு செத்துட்டா. செத்தவளாவே இருக்கட்டும்."