வெறும் மத்தியானங்கள்

அந்த ஊரில் கோடை விடுமுறையை ரேஷன் கடையில்தான் போடுவார்கள். ஒரு பிள்ளைக்கு நாற்பது மத்தியானம். ஏப்ரல் கடைசி வாரத்தில் கார்டோடு போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

குணசுந்தரி தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். மூத்தவன் கிஷோருக்கு ஒன்பது வயது. சின்னவள் பவித்ராவுக்கு ஆறு. அவர்களுடைய அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். ஷூ கம்பெனியில் குணசுந்தரியிடம் ஜூன் மாதம் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

கடைக்காரர் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க கார்டுக்கு வெறும் மத்தியானம்தாம்மா. உள்ள ஒண்ணும் இருக்காது."

"கடல் வச்சது வந்திருக்குதாமே?"

"அது வேற கார்டு."

"மலை?"

"அதுவும் அந்தக் கார்டுதான்."

இரண்டு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். உள்ளே ஒன்றுமில்லை என்றாலும் கனமாக இருந்தன. வீடு வருவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

முதல் மத்தியானத்தைச் சாப்பாடு முடிந்ததும் பிரித்தாள். அறை நீள ஆரம்பித்தது. எதிர்ச்சுவர் காலண்டரோடு மெதுவாகப் பின்னால் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தேதி தெரியவில்லை. பிறகு காலண்டரே தெரியவில்லை.

"மா, போரடிக்குது" என்றான் கிஷோர்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். கையில் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. செருப்பை மறக்காமல் வாசலில் விட்டிருந்தார்.

"ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார். "ஒரு வீட்டுக்கு மூணு தடவைம்மா. மூணாவது தடவை யாரு சொல்றாங்களோ அவங்களுக்கு மாத்தல்."

"எங்க?"

"போரடிக்காத வீட்டுக்கு."

அவளுக்கு அந்த விஷயம் தெரியும். பக்கத்து வீட்டுச் செல்வராணியின் மகனைப் போன வருஷம் அப்படித்தான் மாற்றினார்கள். பதிலுக்கு ஒரு டேபிள் ஃபேன் கொடுத்தார்கள். "காத்து நல்லாத்தான்க்கா வருது" என்பாள் செல்வராணி. சாயங்காலமானால் அந்த ஃபேனின் முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டுவிடுவாள்.

குணசுந்தரி வேலையில் இறங்கினாள். பழைய ஷூ பெட்டிகளை அடுக்கி ஒரு தெரு கட்டினார்கள். தெருவில் ஒரு கிளினிக் திறந்தது. மூவரும் டோக்கன் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். இன்னொரு நாள் புடவையை நனைத்துக் கூடாரம் போல் கட்டினாள். உள்ளே ஐப்பசி மாதமாக இருந்தது. பவித்ராவுக்குச் சளி பிடித்தது. துவரம்பருப்பை எண்ணினார்கள். நாலாயிரத்து இருநூறு தாண்டியதும் பருப்புகள் தாங்களே எண்ண ஆரம்பித்தன.

நோட்டுக்காரர் பீரோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பேனாவை மூடவே இல்லை. தண்ணீர் கேட்டால் கொடுத்தாள்.

ஒன்பதாவது மத்தியானத்தில் பவித்ரா தூக்கத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

"தூங்கிட்டே சொல்லுது சார். அதப் போய் எழுதுவீங்களா?"

"தூக்கத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்கம்மா" என்றார் அவர். "ரெண்டு."

அதற்குப் பிறகு குணசுந்தரி நிறுத்தவே இல்லை. பாடினாள். வாத்து மாதிரி நடந்தாள். பிள்ளைகள் வாயைத் திறந்தாலே புதிதாக ஏதாவது ஆரம்பித்தாள். அவர்களும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதைக் கவனித்தாள்.

பதினான்காவது மத்தியானம் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. பிரித்து வெகுநேரமாகியும் அறை நீள்வது நிற்கவில்லை. குணசுந்தரி எழுந்து நின்று கை தட்டப் போனாள். கை எழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நோட்டுக்காரர் நிமிர்ந்தார்.

கிஷோர் வாயைத் திறந்தான். வெறும் கொட்டாவியாகக்கூட இருந்திருக்கலாம். அவள் காத்திருக்கவில்லை.

"எனக்குப் போரடிக்குது" என்றாள்.

பிள்ளையைக் காப்பாற்றத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. ரொம்ப வருஷத்து உண்மை.

"மூணு. பேரு?"

"குணசுந்தரி."

"வயசு?"

"முப்பத்தாறு."

"உங்களை யாரு பாத்துக்கறாங்க? மாத்தலுக்கு அவங்க கையெழுத்து வேணும்."

அவள் யோசித்தாள். அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் அந்த நேரம் நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். தன்னைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பதாக அவளுக்கு நினைவு வரவில்லை.

"நாங்கதான்" என்றாள் பவித்ரா.

அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விதிகளைப் படித்துப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"அனுப்பறதுக்குச் சம்மதமா?"

பிள்ளைகள் தள்ளிப் போய் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். வெகுநேரம் பேசினார்கள். குணசுந்தரி முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடையில் ஒரு தடவை பவித்ரா அவளைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் பேச்சைத் தொடர்ந்தாள்.

"வேணாம் சார்" என்றான் கிஷோர். "எங்க வீட்லயே இருக்கட்டும்."

"அப்ப மீதி மத்தியானம் பூரா நீங்கதான் பாத்துக்கணும். அவங்களுக்குப் போரடிக்கக் கூடாது."

"சரி சார்."

"காசு செலவாகக் கூடாது."

"தெரியும் சார்."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பவித்ரா தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பவித்ரா ஒரு தலையணையைக் கொண்டுவந்தாள். குணசுந்தரி படுத்துக்கொண்டாள். இத்தனை மத்தியானத்தில் அவள் தரையில் முதுகு சாய்ப்பது அதுதான் முதல் தடவை. மேலே கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. அது மட்டும் நீளவில்லை.

யாரோ அவள் கண்ணைப் பொத்தினார்கள்.

"யாருன்னு சொல்லு."

அவள் நிதானமாகத் தடவிப் பார்த்தாள். சின்னக் கை இரண்டு. அதைவிடக் கொஞ்சம் பெரிய கை இரண்டு. அவற்றின் மேல், மசி நாற்றத்தோடு, தயங்கித் தயங்கி இன்னும் இரண்டு.

மூன்று பேரையும் தெரிந்துவிட்டது. ஆனால் மத்தியானம் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "யோசிக்கறேன்."