மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

மாலை வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் மூணுதரம். தையற்கடையில் துணி வெட்டுபவள். எதையும் மூன்று தரம் அளக்காமல் கத்தரியைக் கையில் எடுக்கமாட்டாள். அளந்தபிறகும், தப்பாக அளந்துவிட்டோமோ என்று வீடு போய்ச் சேரும்வரை மனசு அரிக்கும். பழைய கட்டடங்களைப் பற்றிப் படிக்கும் அந்த வகுப்பு ஆயிரம் வருஷத்துக் கோயில் ஒன்றைப் பார்க்கப் போனபோது, வாத்தியார் ஐம்பது அடி அளவுநாடாவை அவளிடம் கொடுத்தார்.

"மத்தவங்க அளந்தா ஒரு அளவு வரும். நீ அளந்தாத்தாம்மா சரியான அளவு வரும்."

அவள் அதை வாங்கி, முதல் அடிக் கோட்டை மூன்று தரம் சரிபார்த்தாள்.

தங்கையும் அதே வகுப்புதான். பாடத்துக்காகச் சேர்ந்தவள் இல்லை; பேச ஆள் கிடைக்கும் என்று சேர்ந்தவள். தூங்கும்போது மட்டும்தான் அவள் வாய் ஓயும். போன வருஷம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவளை ஒரே ஒரு தேனீ கொட்டியது. கால்மணி நேரத்தில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விசில் அடித்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. "அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்கும்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னதைத் தங்கை அன்றைக்கே மறந்துவிட்டாள். அக்காவால்தான் மறக்க முடியவில்லை.

அந்தக் கோயிலின் கருவறைக்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய இருட்டுச் சந்து. காலையில் வாத்தியார் எல்லோரையும் வரிசையாக உள்ளே கூட்டிப்போய், வலதுபக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த உளிக்குறிகளைக் காட்டினார். பெருக்கல் குறி போல ஆழமாக வெட்டியிருந்தார்கள். கட்டிய கல்தச்சர்கள் தங்கள் அளவுகோலின் நீளத்துக்கு ஒன்றாகப் போட்ட அடையாளம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கு அடி இரண்டு அங்குலம். அவள் மூன்று தரம் அளந்தாள். மூன்று தரமும் மயிரிழை பிசகவில்லை. அவளைப் போலவே ஒருத்தன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே நின்றிருக்கிறான் என்று தோன்றியது.

மொத்தம் எட்டுக் குறிகள். ஓரிடத்தில் தரைக்கல் ஒன்று இல்லை. இரண்டடி அகலப் பள்ளம். வாத்தியார் அதில் ஒரு சின்னக் கல்லைப் போட்டார். சத்தம் வர நேரமாயிற்று. எல்லோரும் டார்ச் வெளிச்சத்தில் அதைத் தாண்டினார்கள். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்: 3–4 நடுவே குழி.

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல" என்று தங்கை பாட்டாகவே பாடினாள்.

மத்தியானம் மற்றவர்கள் வெளிச்சுவர்க் கல்வெட்டைப் படியெடுக்கப் போனார்கள். சந்தின் முழு நீளத்தை அளப்பது மட்டும் பாக்கி. நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு தங்கை உள்ளே போனாள். அக்கா வாசலில் உட்கார்ந்தாள். அந்தச் சந்தில் குரல் கொடுத்தால் எதிரொலித்துக் குழம்பும் என்பதால் வகுப்பில் ஓர் ஏற்பாடு இருந்தது. நாடாவை ஒரு தரம் இழுத்தால் நுனி வைத்தாயிற்று என்று அர்த்தம். இரண்டு தரம் என்றால் அளவு எழுதியாயிற்று. மூன்று தரம் என்றால் இருந்த இடத்தில் நில்.

டார்ச் வெளிச்சம் தூரத்தில் ஆடிக்கொண்டே போனது. நின்றது. நாடா ஒரு தரம் இழுபட்டது. அவள் குனிந்து அளவைப் படித்தாள். முப்பத்து மூன்று அடி நான்கு அங்குலம். இன்னொரு தரம் பார்ப்போம் என்று அவள் நினைக்கும்போதே நாடா மறுபடி இழுபட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

வெளிச்சம் அணைந்தது.

அவள் காத்திருந்தாள். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. தங்கை இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததே கிடையாது. அப்புறம் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. முதலில் தன் காதுக்குள்தான் இரைகிறது என்று நினைத்தாள். சந்துக்குள்ளிருந்து ஒரு தேனீ வந்து, அவள் முகத்தைச் சுற்றிவிட்டு, வெயிலுக்குள் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று.

சந்தின் கடைசியில் காற்றுக்காக விட்ட துவாரம் ஒன்று உண்டு. காலையில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கூடு அங்கேதான் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் கலைந்திருக்கின்றன. அதனால்தான் தங்கை விளக்கை அணைத்திருக்கிறாள். சத்தம் போட்டால் போச்சு. வாத்தியாரைக் கூப்பிட்டாலும் பத்துப் பேர் தடதடவென்று ஓடிவருவார்கள். டார்ச் அடித்தால், இருட்டில் அந்த ஒரு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அத்தனையும் வரும். வழியில் தங்கை நிற்கிறாள்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாடாவை இடதுகையில் பிடித்துக்கொண்டு, வலதுகையால் சுவரைத் தடவியபடி அவள் உள்ளே போனாள். நாலடி போவதற்குள் கண் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். விரலில் முதல் குறி தட்டியது. ஒன்று. சுவர் சில்லென்று இருந்தது. இரண்டு. இரைச்சல் கொஞ்சம் கூடியது. குழி மூன்றுக்கு அப்புறம்தானா, நான்குக்கு அப்புறமா? எழுதினேனே. தப்பாக எழுதியிருந்தால்? மூன்று. அவள் காலைத் தூக்காமல், கட்டைவிரலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தாள். விரல் காற்றில் இறங்கியது.

அப்படியே நின்றாள்.

எதிரே காலடிச் சத்தம். தங்கை வந்துகொண்டிருந்தாள். மெதுவாக, மிக மெதுவாக. கொஞ்ச நேரம் நின்று, காலால் தரையைத் துழாவும் சத்தம். அப்புறம் காலடி வேகமாகியது, ஆபத்தைத் தாண்டிவிட்டவளின் நடை போல.

ஏன் வேகமாக வருகிறாள்?

அவளுக்கு உச்சந்தலையில் இடி இறங்கியது. மூன்று–நான்கு என்று எழுதினாளே தவிர, எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று எழுதவே இல்லை. தங்கை உள்ளேயிருந்து எண்ணிக்கொண்டு வருகிறாள். அவள் கணக்கில் குழி பின்னால் போய்விட்டது.

அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. நாடாவை இழுத்தாள், அது தொளதொளவென்று கையோடு வந்தது. தங்கை நெருங்க நெருங்க நாடா தொய்ந்துபோயிருந்தது. அவள் கைமாற்றிக் கைமாற்றி அதைச் சுருட்டினாள். ஒரு முழம், இரண்டு முழம், இன்னும் தொய்வு. காலடி ஒன்று. இன்னொன்று. கடைசியில் நாடாவில் ஒரு பாரம் தட்டியது. நுனியைத் தங்கை இன்னும் விடவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தாள்.

காலடி நின்றது. மறுபக்கத்தில் மூச்சு வாங்குவது கேட்டது. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்.

"அக்கா?" குரல் கொசுவின் குரலாக இருந்தது.

"அசையாதே. உன் காலுக்கு முன்னாலதான் குழி."

"அது போயாச்சுக்கா. எண்ணினேன்."

"நீ எண்ணினது அந்தப் பக்கத்துலேர்ந்து."

தரையைக் கால் உரசும் சத்தம். அது சட்டென்று நின்றது. "அம்மா" என்று தங்கை மெல்லச் சொன்னாள்.

"கையை நீட்டு. இன்னும் கீழே. ம், பிடிச்சுக்கிட்டேன். காலை நல்லா அகலமா வை."

"என் முடியில ஒண்ணு உக்காந்திருக்கு."

"இருக்கட்டும். தட்டாதே. வா."

தங்கை தாண்டினாள். முழுப் பாரத்தோடும் அவள்மேல் வந்து விழுந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி, மூன்று, இரண்டு, ஒன்று என்று குறிகளைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெயிலில் பார்த்தபோது தேனீ தங்கையின் காதோரம் ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது காது மடலில் ஏறி, இறக்கையைத் துடைத்துக்கொண்டு, பறந்து போயிற்று.

தங்கை அவளையே பார்த்தாள். "மூணு தரம் அளக்கத் தெரியுது. எங்கேர்ந்துன்னு ஒரு தரம் எழுதத் தெரியலை உனக்கு."

அக்கா நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். குழி என்ற சொல்லுக்குப் பக்கத்தில், கோணல்மாணலாக, வாசலிலிருந்து என்று எழுதினாள். எழுதியதை மூன்று தரம் படித்தாள். பிறகு நோட்டைத் தங்கையிடம் கொடுத்து, "நீயும் ஒரு தரம் பாத்துடு" என்றாள்.