நாற்காலியோடு வந்தவர்கள்

"படம் பாக்க வர்றவங்க அவங்கவங்க வீட்டு நாற்காலியை எடுத்துட்டு வாங்க" என்று அக்கா ஒலிபெருக்கியில் சொன்னபோது, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கால் தானாக பிரேக்கில் போய் அழுந்தியது. பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்களைத் திட்டிவிட்டுக் கடந்துபோனார். அக்கா அசரவில்லை. அடுத்த தெருமுனையிலும் அதையே சொன்னாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"என்னக்கா இது, கேக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா ஞாபகம் வச்சுக்குவாங்க. நீ ரோட்டைப் பாரு."

அக்கா பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எனக்குக் கண்ணாடிக் கடை. எங்கள் ஊரில் பத்து வருடமாகத் திரைப்பட விழா நடக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கடல் கடந்த ஓர் அறக்கட்டளை நடத்திக்கொண்டிருந்தது, அக்கா அவர்களுக்கு உள்ளூர்க் கை. படங்களும் விருந்தினர்களும் வருவார்கள். வெள்ளை உறை மாட்டிய வாடகை நாற்காலிகள் வரும். முதல் மூன்று வரிசைக்குக் குறுக்கே நாடா கட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் பின்னால் உட்கார்ந்து, கைதட்டச் சொன்ன இடத்தில் தட்டுவார்கள். விழா முடிந்த மறுநாள் கூடத்தில் நாடாத் துண்டுகளைத் தவிர ஒன்றும் இருக்காது. அவற்றைப் பெருக்கும்போதெல்லாம், இவ்வளவு நடந்தும் ஏதோ நடக்காத மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். என்ன நடக்கவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. அக்காவிடம் கேட்டதுமில்லை. நாங்கள் இருவரும் அதிகம் பேசாமலே ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

இந்த வருடம் அறக்கட்டளை கையை விரித்துவிட்டது. அவர்கள் கவனம் வேறு ஊருக்குப் போய்விட்டதாம். பழசாகிவிட்ட புரொஜெக்டரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அக்கா படம் எடுத்தவர்களிடம் நேரடியாகப் பேசினாள். பலர் சும்மாவே கொடுத்தார்கள். பழைய மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு தமிழில் வசன வரிகள் எழுதினாள். மிச்சம் இருந்தது நாற்காலியும் கூடமும்.

கூடம் என்பது ஒரு சேமிப்புக் கிடங்கு. அதன் சொந்தக்காரரை ஊரே 'இடைவேளை' என்றுதான் கூப்பிடும். எந்தப் படமானாலும் பாதியில் எழுந்து புகைக்கப் போய்விடுவார், கடைசிக் காட்சிக்குத்தான் திரும்புவார். "தலையும் வாலும் நான் பாத்துக்கறேன், வயித்தை நீங்க பாத்துக்குங்க" என்பார். கிடங்கை வருடம் முழுக்க எடுத்துக்கொள்ள ஒரு சிமெண்ட் வியாபாரி அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், முதல் நாள் கூடம் நிறையட்டும், நான் வாயே திறக்கல. நிறையலேன்னா அடுத்த வாரமே மூட்டை இறங்கிடும். கோவிச்சுக்கக் கூடாது" என்றார் அக்காவிடம்.

"சரிண்ணே" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. இலவசமாக வருகிறவர்களே ஏதோ நமக்கு உதவி செய்வதுபோல வருவார்கள். அவர்களை நாற்காலியும் தூக்கச் சொன்னால் யார் வருவார்? கல்யாண மண்டபத்தில் இருக்கும் நண்பனிடம் சொல்லி ஒரு சிறு லாரி நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகளை வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடி, கிடங்கின் பின்பக்கம் நிறுத்திவைத்தேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

முதல் நாள் சாயங்காலம், வெள்ளைத்திரைக்கு எதிரே அந்தப் பெரிய சிமெண்டுத் தரையில் ஒரே ஒரு நாற்காலி கிடந்தது. எங்கள் சமையலறை நாற்காலி. ஒரு கால் குட்டை, அதற்கடியில் அட்டையை மடித்து வைத்திருந்தோம். அக்கா அதில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளை வாசலில் சாய்ந்து நின்றார்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர், தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு.

"பத்து வருஷமா இந்த விழாவுக்கு நான் ஒருத்தன்தான் நாற்காலியோட வந்துட்டிருந்தேன். இப்பதான் உங்களுக்கெல்லாம் புத்தி வந்திருக்கு" என்றார்.

அக்கா சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது.

அதன்பின் தெருவிலிருந்து சத்தம் வந்தது. முடிதிருத்துபவர் தன் கடையின் சுழல் நாற்காலியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். இரண்டு ஆசிரியர்கள் ஒரு பள்ளிப் பெஞ்சை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வந்தார்கள். ஒரு குடும்பம் சோபாவையே தூக்கி வந்தது, அதன்மேல் குழந்தை சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. முக்காலி, மடக்கு நாற்காலி, பிரம்பு பின்னல் பாதி போனது, அலுவலகத்திலிருந்து கிளம்பி வந்தது. ஆளாளுக்கு நினைத்த இடத்தில் போட்டார்கள். உடனே சண்டை.

"சிம்மாசனத்தை முன்னாடி போட்டா, நாங்க என்ன உங்க முதுகையா பாக்கிறது?" என்று ஒரு அம்மாள் முடிதிருத்துபவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்கலாம்மா, இருங்க. இது இறங்கும்."

"இறங்கினாலும் நீங்க உயரமா இருக்கீங்களே!"

நான் சமாதானம் செய்யப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பார்த்துக்கொண்டே நின்றோம். குட்டையானவை முன்னால் நகர்ந்தன, உயரமானவை பின்னால் போயின, சோபா சுவரோரம் ஒதுங்கியது. தபால்காரர் நடுவில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கைகாட்டிக்கொண்டிருந்தார். ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. பத்து வருடமாக நடக்காதது எது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. புரொஜெக்டரைப் பார்க்கப் போனேன்.

ஆற்றில் படகு ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றிய படம். ஆட்களைக் கரை சேர்த்துக்கொண்டே இருக்கிறாள், உட்காரவே மாட்டாள். படத்தின் நடுவில், ஒரு மழை ஓய்ந்த பிறகு, முதல்முறையாகத் தன் காலிப் படகில் உட்காருகிறாள். வசனமில்லை. அந்த இடத்தில் கூடம் முழுக்க நாற்காலிகள் கிரீச்சிட்டன, மரம் ஒரு விதமாக, இரும்பு ஒரு விதமாக. எல்லோரும் ஒரே நேரத்தில் முதுகைச் சாய்த்திருந்தார்கள்.

நான் வாசலைப் பார்த்தேன். இடைவேளை வெளியே போகும் நேரம் அது. ஆனால் வாசல்வரை நாற்காலிகள் அடைத்திருந்தன. பற்றவைக்காத சிகரெட்டை விரலிடுக்கில் வைத்தபடி அங்குமிங்கும் பார்த்தார். பெஞ்சிலிருந்த ஆசிரியர் நகர்ந்து இடம் கொடுத்தார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சிகரெட் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவர் அக்காவிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"வயித்துலதான் டீச்சர் விஷயமே இருக்கு! இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லலையே?"

"நீங்க எங்கண்ணே உள்ள இருந்தீங்க, சொல்றதுக்கு?"

அவர் வெடித்துச் சிரித்தார். அக்கா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பின்னாடி நிக்கிற வண்டியைத் திருப்பி அனுப்பிடு. தார்ப்பாய் போட்டா எனக்குத் தெரியாதாடா?" என்றாள்.

கடைசி நாள் படம் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்தது. மக்கள் எழுந்தார்கள், கைதட்டினார்கள், யாரும் சொல்லாமலே. பிறகு வெறுங்கையோடு வாசலை நோக்கி நடந்தார்கள்.

"நாற்காலி, நாற்காலி!" என்று நான் பின்னால் ஓடினேன்.

"அடுத்த வருஷம் மறுபடி யாரு தூக்கிட்டு வர்றது?" என்றார் முடிதிருத்துபவர், திரும்பாமலே. "கடையில இன்னொண்ணு இருக்கு. இது இங்கேயே கிடக்கட்டும்."

இடைவேளை இடுப்பில் கைவைத்து நின்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "இவங்க பாட்டுக்குப் போட்டுட்டுப் போறாங்க. மூட்டையை நான் எங்க டீச்சர் இறக்குவேன்?" என்று அலுத்துக்கொண்டார். அவரால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அக்கா சமையலறை நாற்காலியின் குட்டைக்காலுக்கு அடியில் அட்டையைச் சரிசெய்துவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அவர் இரும்புக் கதவை இழுத்தார். அது இறங்க இறங்க, கூரை ஓட்டைகளின் வெளிச்சம் உள்ளே புள்ளி புள்ளியாய் விழுந்தது. பலவித முதுகுகள், எல்லாம் திரையைப் பார்த்தபடி. கடைசியாக யாரோ எழுந்துபோன சுழல் நாற்காலி மட்டும் இன்னும் நிற்காமல், மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.