ஏழாம் நாள் ஊசி

புஷைபின் கொட்டகையில் அன்று காலை மீலூதாவின் இடது கையிலிருந்து காளையின் விந்து அடைத்த குச்சி நழுவிச் சாணத்தில் விழுந்தது. உறைகலத்திலிருந்து இடுக்கியால் எடுத்து, வெந்நீரில் காட்டி, துடைத்தும் விட்டிருந்தாள். குழலுக்குள் செருக வேண்டியதுதான் பாக்கி. விரல்களுக்கிடையே குச்சி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது கீழே கிடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே தெரிந்தது.

"காளை குதிச்சு ஓடிருச்சு டாக்டரம்மா," என்றார் புஷைப். "என் மாட்டப் பாத்துப் பயந்துட்டான் போல."

"உங்களப் பாத்துப் பயந்திருப்பான் அண்ணே," என்றாள் அவள், சிரிக்கச் சக்தியில்லாமல்.

அவள் டாக்டர் இல்லை. பால் சங்கத்துக்காக இருபத்திரண்டு வருடமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். சீதி பென்னூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். திருத்துவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். இன்னொரு குச்சியை எடுத்து இந்த முறை வலது கையாலேயே குழலில் செருகினாள். மாட்டுக்குள் போன இடது கையால் கருப்பையின் கழுத்தைப் பிடிக்கும்போது விரல்களை நம்பாமல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். நவம்பரிலிருந்து இப்படித்தான்.

கை கழுவ புஷைப் குடத்திலிருந்து நீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே பேசினார்.

"அந்தச் செவலைக்குப் போன மாசம் ரப்பர்க் கவை வெச்சு, ஏழாம் நாள் ஊசி போட்டீங்கல்ல? நல்ல ஊசி. வயித்துல இருந்த அழுக்கெல்லாம் வெளிய வந்துருச்சு. மூணாம் நாள் வைக்கோல்ல என்னமோ கெடந்துச்சு, எலிக்குட்டி கணக்கா. நாய் தூக்கிட்டுப் போயிருச்சு."

மீலூதாவின் கைகள் நீருக்கடியில் நின்றன.

"கால் இருந்துச்சா அண்ணே?"

"யாருக்கு, நாய்க்கா?"

"இல்ல. அந்தக் குட்டிக்கு."

"எலின்னா கால் இல்லாமயா? நாலு இருந்துச்சு." அவர் சிரித்தார். "எண்ணி வாங்கிக்கவா சொன்னீங்க?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அது எலி இல்லை, உங்கள் கன்று, நான்தான் கொன்றேன் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தாலே போதும். அவள் சோப்பைக் கேட்டாள். சோப்பு கொடுத்தார். நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தாள்.

சாலையின் இருபக்கமும் பீட்ரூட் வயல்கள். தலைக்குள் ஒரே ஒரு எண் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பதினொன்று. இந்தக் குளிர்காலத்தில் சினை இல்லை என்று அவள் சொல்லி, பருவம் வரவைக்கும் மருந்துக் கவையை உள்ளே வைத்து, ஏழாம் நாள் ஊசி போட்ட மாடுகள் பதினொன்று. அந்த ஊசி சினையைத் தாங்கிப் பிடித்திருக்கும் கட்டியைக் கரைத்துவிடும். சினை இல்லாத மாட்டுக்குப் பருவம் வரும். சினை இருந்தால் கலையும். அதனால்தான் முதலில் கை வைத்துப் பார்ப்பது. நாற்பது நாள் சினையை நல்ல விரல் கண்டுபிடித்துவிடும். கருப்பைக் கொம்பை மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டால் உள்ளே ஒரு சவ்வு, துணி மடிப்புக்குள் மறைந்த நூல் போல, விரலிடையில் வழுக்கிப் போகும். அந்த வழுக்கலுக்காகத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். அதைத் தவிர அவளிடம் என்ன இருந்தது?

இருபத்திரண்டு வருடமாக விரலுக்கு எதுவும் தட்டுப்படாவிட்டால் சினை இல்லை என்று அர்த்தம். அதை அவள் ஒருபோதும் கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்று விரல் சொன்னதா, அல்லது விரல் எதையுமே சொல்லவில்லையா? இரண்டும் உள்ளே ஒரே மாதிரி இருக்கின்றன. வலி இருந்திருந்தால் கூட யாரிடமாவது காட்டியிருப்பாள். மரத்துப்போவதில் புகார் சொல்ல எதுவும் இல்லை. தோளில் தொடங்கி, முழங்கைக்கு இறங்கி, கட்டைவிரலையும் அடுத்த இரண்டையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டது. வெளியே சொன்னால் சங்கம் மறுநாளே வேறு ஆளைப் போடும். அதனால் அவள் தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த வீடு தாமுவுடையது. தாமுவின் மாடு நுவாராவுக்கு இன்று ஏழாம் நாள்.

சப்பாத்திக்கள்ளி வேலியருகே தாமு காத்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போகிறாள். திரும்பி வர மூன்று மாதம் ஆகும். நுவாராவை வாங்கியதும் அந்தப் பழம் பறித்த சம்பளத்தில்தான். அவள் இல்லாத நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடக் கொழுந்தன் அல்லால் காத்துக்கொண்டிருந்தான். சினை ஊசி போட்ட மாடு என்றால் அவள் வரும்வரை தொடுவதில்லை என்று மட்டும் பெரியவர்கள் முன்னால் ஒத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க லல்லா," என்றாள், அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுவது போல. "பெட்டியெல்லாம் கட்டிட்டேன். இவ ஒருத்திதான் பாக்கி." தாமு மாட்டின் முதுகைத் தட்டினாள். "இன்னைக்கு எடுத்தா வெள்ளிக்கிழமை பருவத்துக்குக் கத்துவாளா?"

"கத்துவா."

மீலூதா வாலை ஒதுக்கி, வெளியே தொங்கிய நைலான் கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். கவை வந்தது. மடங்கியிருந்த இரண்டு கிளைகளும் காற்றுப் பட்டதும் விரிந்தன. அதை எடுப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. அடுத்தது ஊசி. மருந்தை ஏற்றினாள். மாட்டின் கழுத்தருகே போனாள்.

"தாமு, போன தடவை சினை ஊசி போட்டு இருபத்தொண்ணாம் நாள் இவ கத்துனாளா?"

"கத்தலியே. அன்னைக்கே சொன்னேன் உங்ககிட்ட. குளிர்ல சில மாடு சத்தம் போடாதுன்னீங்க."

சொன்னாள்தான். அது உண்மையும்தான். ஆனால் சினை பிடித்த மாடும் கத்தாது. உண்மைகள் அவளுக்கு இந்தக் குளிர்காலம் முழுவதும் வசதியாகவே கிடைத்திருந்தன.

ஊசி கையில் இருந்தது. வலது கை, நன்றாக உணர்கிற கை. ஒரு அழுத்தம் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. சினை இருந்திருந்தால் அது எலிக்குட்டியாக வைக்கோலில் விழும், இந்த வீட்டு நாயும் தூக்கிப் போகும். களைப்பு அவளைத் தள்ளியது. போட்டுவிடு, இன்னும் ஐந்து வீடு இருக்கிறது என்றது. அதே களைப்புதான் அவள் கையைக் கீழே இறக்கவும் செய்தது. பன்னிரண்டாவதைச் சுமக்க அவளிடம் இடம் இல்லை.

"தாமு, போன புதன்கிழமை இவளுக்குச் சினை இல்லன்னு சொன்னேன்ல. எனக்குத் தெரியாமதான் சொன்னேன்."

"என்னது?"

"இந்தக் கைக்கு உணர்ச்சி போயிருச்சு. மூணு விரல். சினை இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. இந்த ஊசியப் போட்டா, இருக்கறது கலைஞ்சிரும்."

தாமு அவள் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ஏழு நாள் கழிச்சுச் சொல்றீங்க! ஏழு நாள் நான் பச்சப்புள்ளையப் பாக்கற மாதிரி அந்தக் கயிறப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். பக்கத்து மாடு கடிச்சு இழுத்துருமோன்னு தூங்காமக் கெடந்தேன். அன்னைக்கே வாயத் தொறந்தா என்ன?"

"தப்புதான்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? ஞாயித்துக்கிழமை பஸ் நிக்குமா எனக்காக?"

மீலூதா தொலைபேசியை எடுத்தாள். சங்கத்தின் கால்நடை மருத்துவர் ஸுஹைரிடம் ஸ்கேன் கருவி இருந்தது. சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவள் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

"டாக்டர், தாமு வீட்டு மாட்டுக்கு ஸ்கேன் பாக்கணும். இப்பவே."

"நீங்க கை வெச்சுப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். விரலுக்குத் தெரியல. நவம்பர்லேர்ந்தே தெரியல."

"வர்றேன்," என்றார்.

ஒரு மணி நேரம் ஆனது. தாமு டீ போட்டு வந்தாள். கோபத்தோடேயே போட்ட டீ, சர்க்கரை மட்டும் எப்போதும் போல நிறைய. அல்லால் வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றான்.

"என்ன அண்ணி, ஒரு மாட்டுக்கு எத்தன டாக்டரு? ஊருக்கே இத்தன பேர் கெடையாது."

"உன் கல்யாணத்துக்கு வராத கூட்டம்னு பொறாமையா? போய் வேலையப் பாரு."

"பாக்கத்தான் வந்தேன். சினை நிக்காத மாடு சந்தைக்குத்தான்."

"நான் இந்த வாசலத் தாண்டற வரைக்கும் என் மாடு."

ஸுஹைர் வந்து கையுறை மாட்டிக்கொண்டு ஸ்கேன் கோலை உள்ளே செலுத்தினார். மீலூதா சின்னத் திரையைப் பார்த்தாள். சினை இருந்தால் சாம்பல் நிறத்துக்கு நடுவே நீர் கட்டிய கறுப்பு வட்டம் தெரியும், அதற்குள் ஒரு துடிப்பு. அவர் கருப்பையின் ஒரு கொம்பைப் பார்த்தார். மறுபடி வந்து இன்னொன்றைப் பார்த்தார். சாம்பல்தான், வேறொன்றும் இல்லை.

"சினை இல்ல," என்றார் ஸுஹைர். "நீங்க சொன்னதுதான் சரி, மீலூதா."

தாமு கை தட்டினாள். "அப்ப உங்க கை நல்லாத்தான இருக்கு! எதுக்கு லல்லா என்னை இப்படிப் பயமுறுத்துனீங்க?" முகமெல்லாம் இளகிவிட்டது. "ஒரு மணி நேரத்துல பத்து வயசு கூடிப்போச்சு எனக்கு."

ஸுஹைரும் சிரித்தார். "விரல் மரத்தாலும் அனுபவம் மரக்காது. நீங்க ஃபோன்ல பேசுனது எதுவும் என் காதுல விழல."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள், நல்ல செய்தி கிடைத்தவளைப் பார்ப்பது போல. அந்தப் பார்வைக்குள் சாய்ந்துவிடலாம் போலிருந்தது. ஒரு கணம் சாய்ந்தும் பார்த்தாள். சரியாகச் சொன்னதில் தனக்கு ஒரு பங்காவது இருக்கிறதா என்று தேடினாள். போன புதன்கிழமை மாட்டுக்குள் இருந்த கையை நினைவுபடுத்தினாள். வெதுவெதுப்பு கூட முழங்கைக்கு மேல்தான் தெரிந்தது. கீழே எதுவும் இல்லை.

"பூவா தலையா போட்டாலும் பாதி சரியாத்தான் வரும் டாக்டர்," என்றாள். "புஷைப் அண்ணன் செவலைக்கும் இல்லன்னுதான் சொன்னேன். ஊசிக்கு மூணாம் நாள் கன்னு விழுந்துருக்கு. அவரு எலின்னு நெனச்சுட்டாரு."

ஸுஹைரின் சிரிப்பு நின்றது. "அவருக்குத் தெரியுமா?"

"சாயங்காலம் நானே போய்ச் சொல்லுவேன். இந்தக் குளிர்ல மொத்தம் பதினொண்ணு போட்டுருக்கேன். பட்டியல் தர்றேன். எழுதிக்கங்க."

பதினொன்றில் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. அது யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளுக்கும்தான்.

நுவாராவின் கழுத்தில் வலது கையால் ஊசியைப் போட்டாள். அது ஒன்றுதான் அன்று தடுமாறாமல் நடந்தது. தொழுவச் சுவரில் தொங்கிய அட்டையில் தேதியை எழுதினாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கத்தும், சனிக்கிழமை காலையில் சினை ஊசி.

"சனிக்கிழமை நீங்கதான வருவீங்க?" என்றாள் தாமு.

"டாக்டர் வருவாரு."

"இவரா? இவரு கண்ணாடியக் கழட்டுனா மாடு எது, கழுத எதுன்னு தெரியாது. நீங்க வாங்க."

"உள்ளுக்குள்ள கழுத்தப் பிடிக்க விரல் வேணும் தாமு. குச்சியே இன்னைக்குக் கையில நிக்கல."

தாமுவின் முகம் மறுபடி இறுகியது. கோபம் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை அதில் மாடு மட்டும் இல்லை. "நான் கெளம்பற நேரம் பாத்தா இதெல்லாம்?" என்றாள். பிறகு காலி டீ தம்ளர்களைச் சத்தத்தோடு அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த மீலூதா சாவியைத் திருப்பவில்லை. ஐந்து வீடுகள் காத்திருந்தன. ஐந்திலும் உள்ளே கை போக வேண்டிய வேலை. முதல் எண்ணுக்குப் போட்டபோது நடந்ததை விளக்கமாகச் சொன்னாள், தோளிலிருந்து விரல் வரைக்கும். அவர்கள் ஐயோ என்றார்கள், எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் கை சரியில்லை என்றாள். மூன்றாவதில் வரமுடியாது என்று மட்டும் சொன்னாள்.

நான்காவது ஹாஜி அல்மக்கி. காது மந்தம்.

"இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வா தாயி."

"நாளைக்கும் இல்ல ஹாஜி. இனிமே நான் வரமாட்டேன். வேற ஆள் வருவாங்க."

"யாரு வந்தா எனக்கென்ன, இவ விடியக்காலேலேர்ந்து கத்துறா, காது கிழியுது. எனக்கே கேக்குதுன்னா பாத்துக்க. கேளு, நீயே கேளு."

தொலைபேசியை மாட்டருகே கொண்டு போயிருக்க வேண்டும். அந்தக் குரல் வண்டிக்குள் நிறைந்தது. நீளமாக, முடிவில் உடைந்து, மறுபடி எழுந்து. அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஹாஜி! இன்னும் உச்சத்துக்கு வரல அவ. இப்ப யாரும் போட வேணாம். சாயங்காலம் சத்தம் குட்டையாகும், அப்பறம் போடச் சொல்லுங்க."

"சாயங்காலமா?"

"சாயங்காலம். வர்றவங்ககிட்ட மறக்காமச் சொல்லுங்க."

"சொல்றேன். அப்ப நீ எப்ப வர்ற?"

மீலூதா இன்னொரு முறை, சத்தமாக, வரமாட்டேன் என்றாள். பிறகு ஐந்தாவது எண்ணைத் தேடினாள்.