பொய்ச்சத்தியம்

"மாரடைப்பு எண்டு வாசியுங்கோ அண்ணை, அது காணும்..."

"மாரடைப்பு இல்லை அம்மா, ஏன் இல்லாததை..."

"...ஈரல் எண்ட சொல்லே சபையில வரக்கூடாது..."

"...ஈரல்தானே? ஈரல் எண்டால் குடிதான் எண்டு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லேல்லை? நீ லோசான்ல இருக்கிறாய். இஞ்ச வில் நகரத்தில தமிழ்க்கடைக்குப் போய்ப் பாத்தனியோ? மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டே கேக்கினம், அவர் இப்ப விட்டிட்டாரோ எண்டு."

மயானத்து மண்டபத்தின் பின்னறையில், தாய்க்கும் மகளுக்கும் நடுவே, தாளும் பேனையுமாக நின்றார் யோகலிங்கம். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். இரங்கலுரை வாசிக்க அவரைத்தான் கேட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப்பக்கம், அந்த மகளின் தகப்பன் இரவீந்திரன் பெட்டிக்குள் கிடந்தார்.

"சுகவீனம் எண்டு போடுறன் தங்கச்சி. சுகவீனம் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்."

"கேக்காயினம். தங்களுக்குள்ள சொல்லிச் சிரிப்பினம்," என்றாள் கமலாவதி.

யசோதரா தாயைப் பார்த்தாள். அழுத முகம் இல்லை அது. மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்று தம்பி சொல்லியிருந்தான்.

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் வெளியில நிக்கிறியளோ?" என்றாள்.

அவர் போனார். போன வேகத்தில், அதற்காகவே காத்திருந்தவர் போல இருந்தது.

அப்பாவின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்தவள் யசோதராதான். அந்த வைரஸில்தான் அவள் முனைவர் பட்டம் செய்தாள். அவர் பிறந்த அன்றே அவருடைய தாயிடமிருந்து தொற்றி, ஐம்பது வருடம் சத்தமில்லாமல் இருந்து, ஈரலைப் பாதிக்குமேல் இறுக்கிவிட்டிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தடுப்பூசி போடுவித்தாள். ஈரல் மாற்றுவதற்கான பட்டியலில் அவர் பெயரும் ஏறியது. "என்ர பிள்ளை கண்டுபிடிச்சது," என்று தொழிற்சாலையில் சுவிஸ்காரருக்கும் சொல்லித் திரிந்தார் மனுசன்.

பிறகு இரத்தத்தில் மதுசாரம் கண்டார்கள். ஆறு கிழமை விட்டு இன்னொருமுறை கண்டார்கள். குடிக்கிறவருக்கு ஈரல் இல்லை என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். தொழிற்சாலையில் குடிச்சோதனைக் கருவியில் ஊதச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடம் ஓட்டின ஃபோர்க்லிஃப்டின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

கமலாவதி அவருடைய கோட்டுப் பைகளைத் தேடினாள். நிலவறையில் சைக்கிளுக்குப் பின்னால் தேடினாள். உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தாள். ஒரு போத்தல் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவளுக்கு இன்னும் ஆத்திரமாயிருந்தது. இவ்வளவு கள்ளம் எங்கே படித்தார்? கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தாள். பண்ணினார். அடுத்த கிழமையும் இரத்தத்தில் இருந்தது. அன்றோடு அவருடன் கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாடு மட்டும் போட்டாள். வயிறு நிறைந்தால் குடிக்கத் தோன்றாது என்று, இரண்டு அகப்பை சோறு கூடவே போட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு கீர்த்தனன் வந்தான். வேட்டி, வெறும் மேல், விரலில் தர்ப்பை. மண்டபத்துக் குளிரில் தோள் சிலிர்த்திருந்தது.

"ஐயர் கூப்பிடுறார். பன்னிரண்டுக்கு மண்டபம் விடோணும். இஞ்ச என்ன சண்டை?"

"அப்பா குடிக்கேல்லை," என்றாள் யசோதரா.

"சரி அக்கா. குடிக்கேல்லை. வாங்கோ."

"நான் ஆறுதலுக்குச் சொல்லேல்லை. ஆசுப்பத்திரியில கடைசிப் பதினொரு நாளும் அவர் கட்டிலால இறங்கினவரோ?"

"இல்லை."

"அப்பவும் இரத்தத்தில இருந்தது. நர்ஸ் எங்கட பையெல்லாம் துழாவினது, நினைவிருக்கோ? ஆர் குடுத்தது?"

கமலாவதி மகனைப் பார்க்காமல் சொன்னாள்:

"நான் இவன் எண்டு நினைச்சன். தேப்பன் கெஞ்சியிருப்பார், இவன் இரங்கியிருப்பான் எண்டு."

"நான் உங்களைத்தான் நினைச்சன்," என்றான் கீர்த்தனன்.

"என்னையோ?"

"சாகப்போற மனுசன்தானே, குடிச்சிட்டுப் போகட்டும் எண்டு விட்டிருப்பியள் எண்டு."

"நான் அவ்வளவு நல்லவள் இல்லையடா."

யசோதரா சொன்னாள். அப்பாவின் குடலில் ஒரு கிருமி இருந்தது. சோறோ பாணோ சீனியோ, உள்ளே எது போனாலும் புளிக்கவைத்து மதுசாரமாக்குகிற கிருமி. நல்ல ஈரல் என்றால் அதை எரித்துத் தள்ளியிருக்கும்; இவருடையதை வைரஸ் தின்றுவிட்டிருந்தது. ஆசுப்பத்திரியில் சந்தேகம் வந்து, அவள் அவருடைய மலத்திலிருந்து அந்தக் கிருமியை எடுத்து, லோசானில் தன் ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தாள். சீனித்தண்ணீர் கொடுத்து வைத்தாள். விடியப் போய் அளந்தபோது மதுசாரம் இருந்தது. அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் தம்பி போன் எடுத்தான், அப்பா போய்விட்டார் என்று.

"கள்ளு மாதிரியோ?" என்றாள் கமலாவதி.

"கள்ளு மாதிரித்தான்."

"வயித்துக்குள்ள."

"ஓம்."

"அப்ப நான் அள்ளி அள்ளிப் போட்ட சோறு."

கீர்த்தனன் தர்ப்பையைத் திருகிக்கொண்டிருந்தான். "உதுக்கு மருந்து இருக்கோ?"

"இருக்கு. சோத்தைக் குறைச்சு, குளிசை குடுத்தால் கனபேருக்கு அடங்கும்."

"பட்டியல்ல திருப்பிச் சேத்திருப்பினமோ?"

"சேத்திருக்கலாம்."

சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் அவள் சொல்லியிருந்தாள். மற்றப் பாதியையும் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று, லோசானிலிருந்து வரும் ரயிலில் மூன்று மணி நேரமும் நினைத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அப்பாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு, ஆய்வுகூடத்துக்குக் குடும்பத்தாரைக் கூட்டிவரலாம் என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். அப்பா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். வைரஸ் வேலை முடிந்து அவள் நொதித்தலுக்கு மாறியிருந்த காலம். நுரைத்துக்கொண்டிருந்த குடுவைகளுக்கு முன்னால் அவர் கனநேரம் நின்றார்.

"உது என்ன பிள்ளை?"

"கிருமி அப்பா. சீனியைத் திண்டு மதுசாரம் ஆக்குது."

"தானாவோ?"

"தானாத்தான்."

அவர் குரலைத் தணித்தார். "எனக்குள்ளயும் உப்பிடி ஒண்டு இருக்குமோ? சோறு திண்டாப் பிறகுதான் பிள்ளை எனக்குத் தலை சுத்துறது. நான் குடிக்கேல்லை. நீ ஒருக்காப் பாரன்."

அவள் சிரித்தாள். மனிதக் குடலுக்குள்ளும் அப்படி நடப்பதுண்டு என்று எங்கோ ஒரு வரி படித்திருந்தாள். மிக அரிது என்று அதில் போட்டிருந்தது. குடிக்கிறவர்கள் எத்தனை கதை சொல்வார்கள். பக்கத்தில் நின்ற தோழிக்குப் பிரெஞ்சில் அதைச் சொன்னாள். அவளும் சிரித்தாள். பாஷை விளங்காத அப்பாவும், மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

"யோகலிங்கம் அண்ணை," என்று, மகள் அதைச் சொல்லுமுன் கமலாவதி கதவைத் திறந்தாள். "ஈரல் எண்டே வாசியுங்கோ. அவர் குடிக்கேல்லை எண்டும் வாசியுங்கோ."

யோகலிங்கம் பேனையை மூடினார். "குடிக்கேல்லை எண்டு நான் மைக்கில சொன்னால், சனத்துக்குக் குடி எண்டதுதான் காதில விழும் தங்கச்சி."

"அப்ப என்ர பிள்ளை சொல்லுவாள். அவள் அதுக்குத்தான் படிச்சவள்."

மண்டபத்தில் வாய்க்கரிசிக்கு வரிசை நின்றது. சப்பாத்துச் சத்தம், இருமல், யாரோ போனை நிறுத்துகிற சத்தம். கமலாவதி தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளினாள். அள்ளினவள் போடவில்லை. கையைப் பொத்திக்கொண்டு பெட்டியருகே நின்றாள். பின்னால் நின்றவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். ஐயர் மந்திரத்தை ஒருமுறை திருப்பிச் சொன்னார்.

யோகலிங்கம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். இப்போது மகள் சில வார்த்தைகள் பேசுவார் என்றார்.

யசோதரா நகர, தாய் மற்றக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுகின பிடி. கண்கள் பெட்டிக்குள் கிடந்தவர் முகத்தில்தான் இருந்தன. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், வாழ்நாள் முழுக்க அவரைக் குறைசொல்லிப் பழகின அதே குரலில் சொன்னாள்:

"இந்த மனுசனும். வீட்டில உவ்வளவு படிச்ச பிள்ளை இருக்கேக்க, உன்னட்ட ஒருக்கா வாய் திறந்து கேட்டிருக்கலாமே. ஏன் பிள்ளை கேக்கேல்லை?"