நண்டு நகரும் வரை

“அந்தப் பிளக்கப் புடுங்காத!”

டைட்டஸ் போட்ட சத்தத்தில், உடலை வைக்கக் குளிர்ப்பெட்டி கொண்டுவந்த ஆள் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். முன்னறையில் இருந்த பிளக்கில் ஓடிக்கொண்டிருந்தது, மீன் தொட்டிக்குக் காற்றடிக்கிற சின்ன மோட்டார். அதன் குழாய் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் குமிழி விட்டது. உள்ளே கடல் தண்ணீரில் ஒரு நட்சத்திர மீன், முள் உருண்டைகளாகச் சில கடல் முள்ளெலிகள், சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டு. வெள்ளிக்கிழமை அவர் மனைவி பெமிலா டீச்சர் தன் மாணவிகளோடு இனயம் கடற்கரைப் பாறைகளில் இறங்கி எடுத்துவந்தவை. திங்களன்று வகுப்பில் எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கவைக்க எடுத்து வைத்திருந்தாள். இந்த ஞாயிறு விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

தொட்டியை அவரே சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் மிக்சி பிளக்கில் மோட்டாரை மாட்டினார். வளைகுடாவிலிருந்து போன வருஷம்தான் ஒரேயடியாகத் திரும்பியிருந்தார். பிள்ளைகள் இல்லை. இனி இந்த வீட்டில் அவள் கைபட்ட உயிர் இவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்களை விட்டுவிட்டு அடிக்கடி எழுந்துபோய் எட்டிப் பார்த்தார்.

திங்கள் காலையில் அவருடைய அக்கா ஞானபாய் சொன்னாள்: “தண்ணி கொறஞ்சு கெடந்து. கெணத்துல கோரி விட்டேன். பாவம், நல்ல தண்ணி குடிக்கட்டு.”

இந்த அருமனை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அக்காவுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. நேற்றிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு தொண்டையையும் அவள் காயவிடவில்லை. அவளை என்னவென்று திட்டுவது?

பள்ளிக்கூட வேனில் மாணவிகள் வந்தார்கள். மலர்வளையத்தோடு கடல் தண்ணீர் நிரப்பிய ஒரு கேனும் கொண்டுவந்திருந்தார்கள். திங்கட்கிழமை தொட்டித் தண்ணீர் மாற்றுவது வழக்கமாம். அபினா என்ற பெண் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“அங்கிள், உப்பே இல்லியே.”

முள் உருண்டைகளின் முட்கள் உதிர்ந்து கிடந்தன. நட்சத்திர மீன் துவண்டிருந்தது. அவள் சங்கை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்து வெகுநேரம் பார்த்தாள்.

“இதுக்கு உயிர் இருக்கு. நாங்க கொண்டு விட்டிருதோம்.”

“வேண்டாம்,” என்றார். “இது இங்க இருக்கட்டு. நான் பாத்துக்கிடுவேன்.”

அபினா சங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். “எடுத்த எடத்துலதான் விடணும். டீச்சர் சம்மதிக்க மாட்டாவ,” என்றாள்.

பெமிலாவைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்றை இந்தப் பெண் சொல்லக் கேட்டது அவருக்குப் பொறாமையாக இருந்தது.

“அப்ப நானும் வாறேன்.”

கல்லறைத் தோட்டத்திலிருந்து அவர் நேராக வேனுக்கு நடந்தார். ஞானபாய் பின்னாலேயே ஓடிவந்தாள்.

“அடக்கம் முடிஞ்ச கையோட எங்கலே போற?”

“இனயத்துக்கு.”

“அங்க நமக்கு ஆரு இருக்கா?”

அவர் வேனில் ஏறி, நண்டை விட்டிருந்த கடல் தண்ணீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டார்.

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. நண்டை எடுத்த குழியை அபினா பாறைகளுக்கு நடுவே தேடவில்லை. தன் வீட்டுக்குள் நடப்பவள் போல நேராக அங்கே போய் நின்றாள். சங்கைத் தண்ணீரில் இறக்கினாள்.

“இனி அதுவா நடந்து போற வர நிக்கணும், அங்கிள். நடக்காம ஆரும் கரையேறப்பிடாது. டீச்சருக்க சட்டம்.”

நின்றார்கள். சங்கு அசையவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார், மறுபடியும் அடித்தார்.

“நீங்க போங்க மக்கா. நான் பாத்துட்டு வாறேன்.”

பிள்ளைகள் கரையேறினார்கள். டைட்டஸ் குழியருகே குத்தவைத்து உட்கார்ந்தார். வேட்டி நனைந்தது. இது நகராத வரைக்கும் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்பது ஆறுதலாகவே இருந்தது.

சங்கின் வாயில் ஒரு கால் தெரிந்தது. பிறகு இன்னொன்று. சங்கு ஒருக்களித்து, நிமிர்ந்து, மெல்ல நகர்ந்தது. டைட்டஸ் தண்ணீருக்குள் கையை விட்டு உள்ளங்கையை அதன் முன்னால் வைத்தார். முட்டிக்கொண்டதும் நண்டு கால்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

“அங்கிள், நடந்திட்டா?” கரையிலிருந்து அபினா கூப்பிட்டுக் கேட்டாள்.

“இல்ல மக்கா,” என்றார். கையை எடுக்கவில்லை. “இன்னும் நடக்கல.”