பதினொரு நிமிடம் நின்ற புள்ளி

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. என் மூக்குக்கண்ணாடி அப்போது கண்ணாடிக்காரம்மாவின் கையில் இருந்தது. கழன்றுபோன ஃப்ரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். வெளியே மதிய மழை. என் வெறுங்கண்களுக்குக் கடையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தெரிந்தது. மேசைமேல் அவருடைய கைப்பேசி, அதில் மங்கலாக ஒரு நீலப் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது.

புள்ளி நின்றது. அவர் கையும் நின்றது.

மிச்சத்தை அவர் மறுநாள் சொன்னார். சொல்லாமல் விட்டதை நான் எழுதிக்கொண்டேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒரு தாயின் இதயம் என்பது—"

வேண்டாம். இதயத்தை விட்டுவிட்டு வலது காலுக்கு வருவோம். மகள் கார் ஓட்டப் பழகிய மூன்று மாதமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கண்ணாடிக்காரம்மாவுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது.*

மகளை வீட்டில் பாப்பு என்பார்கள். வயது பத்தொன்பது. செவிலியர் படிப்பு, மதியம் இரண்டு மணிக்கு மருத்துவமனையில் பயிற்சி. முதல் வரைவில் அவளைக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவளாக எழுதினேன். கதைக்கு அது வசதி. ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அம்மா சொன்னபடி கைப்பேசியைப் பையில் போட்டு, பையைப் பின் இருக்கையில் வைத்துவிடுவாள். ஒரே ஒரு பலவீனம்: அம்மா கூப்பிட்டால் மட்டும் எப்படியாவது எடுத்துவிடுவாள்.

அம்மாவும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மகளின் கைப்பேசி இருக்கும் இடத்தைக் காட்டும் அந்த நீலப் புள்ளியில், போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று மட்டும் பார்ப்பேன், வழியெல்லாம் பார்க்க மாட்டேன் என்று.

* வீக்கம் உண்மை. எந்தக் கால் என்று கேட்க மறந்துவிட்டேன்.

3.

"கூப்பிட வேண்டியதுதானே அக்கா?" என்றார் கடையில் கண் பரிசோதிக்கும் தம்பி.

"ஓட்டிக்கிட்டிருந்தா? சத்தம் கேட்டதும் திரும்பிப் பையை எட்டுவா."

"அதான் வண்டி நிக்குதே."

"புள்ளிதான் நிக்குது. வண்டி நிக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பதினொரு நிமிடமும் அவர் கடையில் இல்லை. (இது என் கற்பனை. அவர் மறுக்கவில்லை.) வரைபடத்துக்குள் இறங்கி, சாம்பல் நிறச் சாலையில் செருப்பில்லாமல் நடந்தார். அங்கே மரமில்லை, மழையில்லை, ஆளில்லை. பாலத்தின் பெயர் மட்டும் காற்றில் தொங்கியது. எவ்வளவு நடந்தாலும் புள்ளி அதே தூரத்தில்தான் இருந்தது.

4.

(இந்த இடத்தில் ஒரு லாரி வந்தது. வரவழைத்தவன் நான்தான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், கை கூசியது. கிழித்துவிட்டேன்.)

(அடுத்ததாகப் பாலத்தடியில் ஒரு இளைஞனைக் குடையோடு நிறுத்தினேன். பாப்புவுக்கே அவனை யாரென்று தெரியவில்லை. அவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். புள்ளி நகர்ந்தது. கண்ணாடிக்காரம்மா திருகாணியை முடுக்கி, துடைத்து, என் மூக்கில் மாட்டிவிட்டார். அவர் கன்னம் ஈரமாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

5.

அன்று சாயங்காலம் வீடு திரும்பிய பாப்பு பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் அம்மா கேட்டுவிட்டார்.

"பாலத்துக்கிட்ட ஏண்டி நின்ன?"

"கண்ணு சொக்கிச்சும்மா. ஓரமா நிறுத்தி, கொஞ்சம் தூங்கிட்டேன். நீதானே சொன்ன?"

"ரெண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டியா?"

"போட்டேன்." பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "நான் நின்னது உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா கைப்பேசியைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"வழியெல்லாம் பாக்கமாட்டேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"பின் சீட்ல யாரோ உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும்மா. கண்ணாடியில பாத்தா யாரும் இல்ல." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அம்மாவுக்கு. "ஒரு வாரம் அந்தப் புள்ளியை அணைச்சு வெக்கிறேன். போய்ச் சேந்து, வண்டியை நிறுத்தினதும் செய்தி போடறேன். ஒண்ணு அம்பதுக்குள்ள."

"மறந்துட்டா?"

"ரெண்டு மணிக்கு நீயே கூப்பிடு. எப்படியும் வண்டியில இருக்கமாட்டேன்."

அம்மா அவள் தோளிலிருந்து பையை இறக்கி வைத்தார்.

"சரி. ஆனா தூக்கம் வந்தா செய்தி கிய்தின்னு பாக்காத. முதல்ல தூங்கு. நான் இருந்துக்கிறேன்."

6.

மறுநாள் இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் மழைதான். கைப்பேசியில் புள்ளி இல்லை. சாலை மட்டும் தனியாகக் கிடந்தது. மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

"வந்துடும்," என்றார், என்னைத் தேற்றுவதுபோல.

ஒரு வரி எழுதினால் போதும், அந்தக் கைப்பேசி ஒலித்துவிடும். எழுதப் போனேன்: "அப்போது—"

இல்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறார். நான் குறுக்கே விழக் கூடாது. பேனாவை மூடி வைக்கிறேன். நீங்களும் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு மணியாக இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது.

ஒன்றே ஒன்று. அவசரப்பட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.